கேட் வரைபடங்களில் எழுத்தின் இடம்

கணினியில் வரையப்படும் பொறியியல் வரைபடத்தில் இரண்டு வகைப் பொருள்கள் உண்டு. சுவர், தூண், தண்டு, துளை என்று நாளை உண்மையாகவே உருவாகப்போகும் ஒன்றைக் காட்டும் கோடுகள் ஒரு வகை. அளவு, பெயர், எண், விளக்கக் குறிப்பு என்று அந்தக் கோடுகளைப் பற்றிப் பேசும் எழுத்துகள் மற்றொரு வகை. கோட்டின் இடத்தை வடிவமைப்பே முடிவுசெய்துவிடுகிறது. தூண் எங்கே வர வேண்டுமோ அங்கேதான் அதை வரைய முடியும். எழுத்துக்கு அப்படிக் கட்டாயம் ஏதும் இல்லை. வரைபவர் காலியிடம் பார்த்து வைக்கிறார். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். 230 என்ற எண் சற்றே தள்ளி உட்கார்ந்தால் பக்கத்துச் சுவரின் கனமாகப் படிக்கப்படும். கோடுகள் எல்லாம் சரியாக இருந்தும் கட்டடம் தவறாக எழும்பும்.

எழுத்தைச் சீராக அமைப்பது என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் மூன்று உறவுகள் அடங்கியிருக்கின்றன. எழுத்துக்கும் அது குறிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு முதலாவது. ஓர் எழுத்துத் தொடருக்கும் அடுத்த தொடருக்கும் உள்ளது இரண்டாவது. எழுத்துக்கும் தாளுக்கும், அதாவது தாளைக் கையில் பிடித்துப் படிப்பவரின் பார்வைக்கும் உள்ளது மூன்றாவது. கேட் எனப்படும் கணினிவழி வடிவமைப்பு மென்பொருள்களில் இதற்கென்று இருக்கும் பல கட்டளைகளும் இம்மூன்றில் ஏதேனும் ஒன்றைத்தான் கவனிக்கின்றன. ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றொன்று கெடுவதும் உண்டு. குறிப்புகளை எல்லாம் ஒரே நேர்கோட்டில் அடுக்கினால் தாள் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அவற்றில் சில தாம் சுட்டும் பொருளைவிட்டு வெகுதூரம் போயிருக்கும்.

பலகைக் காலத்து விதிகள்

இத்துறையின் விதிகளில் பெரும்பாலானவை கணினிக்கு முந்தியவை. வரைபலகையும் மினி டிராஃப்டரும் இருந்த காலத்தில், எழுதுவதற்கு முன்பு மெல்லிய இரண்டு பென்சில் கோடுகள் இழுக்கப்படும். எழுத்தின் அடியும் தலையும் அவற்றைத் தொட வேண்டும். எழுத்தின் உயரத்துக்குப் பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 3098 ஒரு வரிசை வகுத்திருக்கிறது: 1.8, 2.5, 3.5, 5, 7, 10, 14, 20 மில்லிமீட்டர். இந்தியத் தரத்தில் இதற்கு இணையானது ஐஎஸ் 9609. ஒவ்வோர் உயரமும் முந்தையதைப்போல ஏறத்தாழ 1.41 மடங்கு, அதாவது 2இன் வர்க்கமூலம். ஏ0, ஏ1, ஏ2 என்று இறங்கும் தாள்களின் பக்க அளவுகளும் இதே விகிதத்தில்தான் குறைகின்றன. எனவே ஏ1 தாளில் 3.5 மிமீ உயரத்தில் எழுதியதை ஏ2வுக்குச் சுருக்கினால் அது 2.5 மிமீ ஆகிறது. வரிசையிலேயே உள்ள மற்றோர் உயரத்தில் போய் விழுகிறது. தடிப்பான வகை எழுத்தில் கோட்டின் தடிமன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பதால் 0.35 மிமீ பேனாவால் எழுதியதும் 0.25 மிமீ பேனாவால் எழுதியதாக மாறிவிடுகிறது. நுண்படச் சுருளில் பதிவுசெய்து மீண்டும் பெரிதாக்கும் வழக்கம் இருந்த நாளில் இந்தப் பொருத்தத்தின் பயன் கண்கூடு.

இன்று அந்தச் சுருள் இல்லை. ஆனால் ஏ1 வரைபடத்தை ஏ3 தாளில் அச்சிட்டுக் கட்டுமான இடத்துக்கு அனுப்பும் பழக்கம் எங்கும் இருக்கிறது. நீளமும் அகலமும் பாதியாகும்போது 2.5 மிமீ எழுத்து 1.25 மிமீ ஆகி, தரம் ஒப்புக்கொள்ளும் மிகச் சிறிய உயரத்துக்கும் கீழே போய்விடுகிறது. தசமப் புள்ளி முதலில் மறைகிறது; 3.50 என்பது 350 ஆகத் தெரிகிறது. ஏ3இல் படிக்கப்போகும் தாள் என்றால் ஏ1இல் 3.5 மிமீக்குக் குறையாமல் எழுதுவதுதான் விவேகம். உயரத்தைத் திரையில் பார்த்து முடிவுசெய்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. திரையில் எந்த எழுத்தையும் வேண்டிய அளவு பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா!

அளவு எண்களின் திசை குறித்து இரண்டு முறைகள் நிலைபெற்றிருக்கின்றன. முதல் முறையில் எண் தன் அளவுக்கோட்டுக்கு இணையாக, அதன் மேலே எழுதப்படும். தாளின் கீழ்ப்பக்கத்திலிருந்தோ வலப்பக்கத்திலிருந்தோ பார்த்தால் படிக்க வேண்டும். இரண்டாவது முறையில் அளவுக்கோடு எந்தத் திசையில் போனாலும் எண் கிடையாகவே இருக்கும். கோட்டை இடையில் உடைத்து அங்கே எழுதுவார்கள். ஐஎஸ்ஓ 129 முதல் முறையைச் சார்ந்தது. இந்தியத் தர நிறுவனம் பள்ளி, கல்லூரிகளுக்காக 1988இல் வெளியிட்ட எஸ்பி 46 கையேடும் அதையே முதன்மையாகக் கற்பிக்கிறது. அமெரிக்கத் தரமான ஏஎஸ்எம்இ ஒய்14.5 கிடை எழுத்தின் பக்கம் நிற்கிறது. முதல் முறையில் ஒரு சங்கடம் உண்டு. நிமிர்கோட்டுக்கு இடப்புறமாக ஏறத்தாழ 30 பாகைக்குள் சாய்ந்த கோடுகளில் எண் தலைகீழாகத் தோன்றத் தொடங்குகிறது. ஆகவே அந்தச் சாய்வில் அளவு எழுதுவதைத் தவிர்க்கும்படி பாடநூல்கள் சொல்லும். 66 தலைகீழானால் 99 என்பதை நினைத்தால் அந்த எச்சரிக்கையின் காரணம் புரியும்.

கேட் மென்பொருளான ஆட்டோகேடில் இந்தத் தேர்வை டிம்டிஐஎச், டிம்டிஓஎச் என்ற இரண்டு மாறிகள் நடத்துகின்றன. அங்குல வார்ப்புருவில் தொடங்கிய கோப்பில் இவை இயங்குநிலையில் இருக்கும், எண்கள் கிடையாக வரும். மெட்ரிக் வார்ப்புருவில் அணைந்திருக்கும், எண்கள் கோட்டுக்கு இணையாக வரும். வேறு வேறு வார்ப்புருக்களில் தொடங்கிய இரண்டு கோப்புகளை ஒரே தாளில் சேர்த்தால் இரண்டு முறைகளும் அருகருகே வந்து நிற்கும். ஒரு தாளில் எந்த முறை இருந்தாலும் குற்றமில்லை, இரண்டும் இருப்பதுதான் குற்றம்.

எழுத்தைப் பிடித்திருக்கும் புள்ளி

கணினிக்கு ஒரு வரி எழுத்து என்பது ஒரு புள்ளி, ஓர் உயரம், ஒரு கோணம், ஒரு பாணி, எழுத்துகளின் சரம். அந்தப் புள்ளி எழுத்தின் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதே சீரமைப்பின் அடிப்படை. 1982இல் வெளிவந்து இத்துறையின் பொதுவழக்கையே வகுத்துவிட்ட ஆட்டோகேடில், ஒற்றை வரி எழுத்துக்குப் பதினைந்து விதமான பிடிகள் உண்டு. இயல்பானது இடதுமுனை அடிக்கோடு. நடு, வலம் ஆகியவையும் அடிக்கோட்டையே சார்ந்தவை. மேல், இடை, கீழ் என்ற மூன்று நிலைகளை இடம், நடு, வலம் என்பவற்றோடு சேர்த்தால் இன்னும் ஒன்பது. எஞ்சியவை அலைன், ஃபிட், மிடில்.

இவற்றில் குழப்பம் தருபவை நுட்பமானவை. அலைன், ஃபிட் இரண்டும் இரு புள்ளிகளுக்கு நடுவே எழுத்தை நிரப்புகின்றன. அலைனில் எழுத்தின் விகிதம் மாறாது, உயரம் மாறும். ஃபிட்டில் உயரம் மாறாது, எழுத்து நெருங்கியோ விரிந்தோ போகும். ஒரே அகலமுள்ள கட்டங்களில் அலைன் முறையில் எழுதினால் நீளமான சொல் குட்டையாகவும் சிறிய சொல் உயரமாகவும் வந்து, உயரத்துக்கான தரம் அனைத்தும் பாழாகும். கட்டத்துக்குள் அடங்காத பெயரை ஓரிடத்தில் நெருக்கி எழுத ஃபிட் உதவும். அதற்கு மேல் அதைப் பயன்படுத்துவது நல்லதல்ல. மிடில் என்பதும் இடைநடு என்பதும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. மிடில் என்பது அடிக்கோட்டுக்குக் கீழே தொங்கும் பகுதிகளையும் சேர்த்து எழுத்துத் தொடரின் நடுவைக் கணக்கிடுகிறது. இடைநடு என்பது ரோமன் பெரிய எழுத்தின் உயரத்தில் பாதியைக் கொள்கிறது. முன்னதைத் தேர்ந்தால், வால் உள்ள எழுத்து சொல்லில் வருகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வரியும் சற்று ஏறி இறங்கும். பட்டியலின் ஒரே வரிசையில் உள்ள சொற்கள் தள்ளாடித் தெரிவதற்கு அநேகமாக இதுவே காரணம்.

பிடியைச் சரியாகத் தேர்வதால் வரும் நன்மைக்குத் தூண்வரிசைக் குமிழ்கள் நல்ல எடுத்துக்காட்டு. கட்டடத் தளப்படத்தில் தூண்களின் மையக்கோடுகள் 1, 2, 3 என்றும் ஏ, பி, சி என்றும் வட்டத்துக்குள் குறிக்கப்படும். எண்ணை இடதுமுனையில் பிடித்து, கண்ணளவில் வட்டத்தின் நடுவே நகர்த்தி வைத்தால் 9 வரை சரியாக இருக்கும். 10 வந்ததும் அது வலப்பக்கம் பிதுங்கும். வட்டத்தின் மையத்தில் இடைநடுப் பிடியோடு வைத்தால் எந்த எண்ணை மாற்றி எழுதினாலும் அது நடுவிலேயே நிற்கும். அந்த வட்டத்தையும் எண்ணையும் ஒரு பிளாக்காகவும் அதன் அட்ரிபியூட்டாகவும் செய்துவைத்தால் தாள் முழுவதும் அந்த ஒழுங்கு ஒரேயடியாக வந்துவிடும். கண்ணால் செய்யும் சீரமைப்புக்கும் விதியாகச் சேமிக்கும் சீரமைப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னது இன்றைய உள்ளடக்கத்துக்கு மட்டும் பொருந்தும். பின்னது நாளை திருத்தம் வந்தாலும் நிலைக்கும். வரைபடம் என்பது திருத்தப்படுவதற்கென்றே பிறந்த ஆவணம் ஆதலால் பின்னதே மேல் என்பதில் ஐயமில்லை.

எழுத்தை இடம்பெயர்க்காமல் பிடியை மட்டும் மாற்ற ஜஸ்டிஃபைடெக்ஸ்ட் என்ற கட்டளை இருக்கிறது. பண்புப் பட்டியலில் நேரடியாக மாற்றினால் எழுத்தே குதித்துவிடும். நிரல் எழுதி, வரைபடப் பரிமாற்றத்துக்கான டிஎக்ஸ்எஃப் கோப்பு உண்டாக்குபவர்கள் அறிய வேண்டிய நுணுக்கம் ஒன்றும் உண்டு. அக்கோப்பில் ஒற்றை வரி எழுத்துக்கு 10, 11 என்ற குறியெண்களில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. 72, 73 ஆகியவை கிடை, நிமிர் பிடிகளைச் சொல்கின்றன. பிடி இடதுமுனை அடிக்கோடாக இருந்தால் 10ஆம் புள்ளி ஆளும். அலைன், ஃபிட் தவிர வேறு எதுவானாலும் 11ஆம் புள்ளியே ஆளும். 72ஐ மாற்றிவிட்டு 10ஐ மட்டும் நிரப்பினால் எழுத்து எதிர்பாராத இடத்தில் போய் நிற்கும்.

1994இல் வந்த 13ஆம் வெளியீட்டில் எம்டெக்ஸ்ட் எனும் பலவரி எழுத்து சேர்ந்தது. இது வரி அல்ல, பெட்டி. பிடிகள் ஒன்பதுதான், அவை பெட்டியின் மூலைகளும் பக்க நடுக்களும் மையமும். பெட்டிக்கு அகலம் கொடுத்தால் சொற்கள் தானாக மடங்கி அடுத்த வரிக்குப் போகும். பொதுக் குறிப்புகள், பொருள்விவரங்கள் போன்ற நீண்ட பத்திகளுக்கு இதைவிட வசதி இல்லை. பிடி மேலிடமாக இருந்தால் பத்தி கீழ்நோக்கி வளரும். கீழிடமாக இருந்தால் மேல்நோக்கி வளரும். தலைப்புக் கட்டத்துக்கு மேலே திருத்த விவரம் எழுதும்போது கீழிடப் பிடி வசதியானது. புதுத் திருத்தம் சேரச்சேரப் பத்தி கட்டத்துக்குள் இறங்கி மோதாமல் மேலே ஏறும்.

பெட்டிக்கு ஒரு பலவீனம் உண்டு. வரி எங்கே மடங்கும் என்பது எழுத்துருவின் அகலத்தைப் பொறுத்தது. கோப்பைப் பெறுபவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் மென்பொருள் வேறொன்றை மாற்றாக எடுத்துக்கொள்ளும். நான்கு வரிப் பத்தி ஐந்து வரியாகி, கீழே உள்ள கோட்டின்மேல் ஏறிவிடும். எஸ்எச்எக்ஸ் என்னும் ஒற்றைக்கோட்டு எழுத்துருக்கள் இன்னமும் வழக்கொழியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிம்ப்ளெக்ஸ் போன்றவை ஏறக்குறைய எல்லா நிறுவலிலும் இருக்கும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஆலன் ஹெர்ஷி 1967இல் வெளியிட்ட திசையன் எழுத்துகளோடு உறவுடையவை அவை. பேனா பிடித்த பிளாட்டர் ஒரே இழுப்பில் வரையத்தக்க வடிவங்கள்.

எழுத்தோடு எழுத்து

பல எழுத்துத் துண்டுகளை ஒரே வரிசைக்குக் கொண்டுவருவது நெடுங்காலம் கைவேலையாகவே இருந்தது. கிடையாகவோ நிமிராகவோ மட்டும் நகரவிடும் ஆர்த்தோவை இயக்கிக்கொண்டு நகர்த்துவது, ஒரு புள்ளியின் கிடைத் தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் புள்ளி வடிகட்டியைப் பயன்படுத்துவது, வழிகாட்டிக் கோடு ஒன்றை வரைந்து வேலை முடிந்ததும் அழிப்பது என்று வழிகள் இருந்தன. கடைசி வழி பலகைக் காலத்துப் பென்சில் கோட்டின் தொடர்ச்சிதான். ஆட்டோகேட் 2015இல் டெக்ஸ்ட்அலைன் கட்டளை வந்தது. தேர்ந்தெடுத்த எழுத்துகளை ஒன்றின் பிடிப்புள்ளிக்கு நேராக அடுக்குவது, அவற்றைச் சம இடைவெளியில் பரப்புவது, குறிப்பிட்ட இடைவெளியில் வைப்பது, இருக்கும் கிடை அல்லது நிமிர் நிலையை மாற்றாமல் மறு திசையில் மட்டும் நேர்படுத்துவது எல்லாம் அதில் முடியும்.

இருந்தாலும் இரண்டு நெடுவரிசைகளுக்கு மேல் உள்ள எதையும் தனித்தனி எழுத்தாக எழுதி அடுக்குவது வீண்வேலை. கதவு, சன்னல் பட்டியலும் கம்பி வளைப்புப் பட்டியலும் அட்டவணைப் பொருளாக இருக்க வேண்டும். ஆட்டோகேட் 2005 வெளியீட்டிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. அட்டவணையிலும் எண்களை நடுவில் வைக்கும் ஆசை பலருக்கு உண்டு. 8, 12, 100 மூன்றையும் நடுவில் வைத்தால் ஒன்றின்கீழ் ஒன்று ஒப்பிட முடியாது. எண்கள் வலப்புறம் ஒட்டியிருக்க வேண்டும். தசம இடங்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால்தான் புள்ளிகள் நேராக விழும்.

அளவும் லீடரும்

அளவுக்கோட்டில் எண் எங்கே உட்கார வேண்டும் என்பதை மென்பொருள் பெரும்பாலும் தானே செய்துவிடுகிறது. மனிதர் கவனிக்க வேண்டியது கோடுகளுக்கு இடையிலான தூரத்தை. பொருளின் விளிம்பிலிருந்து முதல் அளவுக்கோடு குறைந்தது 10 மிமீ, அடுத்தடுத்த கோடுகள் குறைந்தது 6 மிமீ தள்ளியிருக்க வேண்டும் என்கிறது ஏஎஸ்எம்இ தரம். ஆட்டோகேட் 2008இல் வந்த டிம்ஸ்பேஸ் கட்டளை இந்த இடைவெளியைச் சமப்படுத்துகிறது. தானியங்கு நிலையில் அளவெழுத்து உயரத்தைப்போல இரண்டு மடங்கை எடுத்துக்கொள்கிறது. சுழியம் கொடுத்தால் தொடர் அளவுகளை ஒரே கோட்டுக்குக் கொண்டுவருகிறது. இணையாகப் பல அளவுக்கோடுகள் இருந்தால் எண்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக நடுவில் குவிக்காமல் மாற்றிமாற்றி இடமும் வலமும் ஒதுக்குவது பழைய வழக்கம்.

இடம் குறுகிய அளவுகளே தொல்லை. 115 மிமீ சுவரின் இரு விளிம்புகளுக்கிடையே அந்த எண் கொள்ளாது. மென்பொருள் அதை வெளியே தள்ளும். தள்ளிய இடத்தில் பக்கத்து அளவு இருக்கும். எண்ணைக் கையால் நகர்த்துவதில் தவறில்லை. ஆனால் சிலர் அளவையே உடைத்துத் தனிக்கோடும் தனியெழுத்துமாக்கிவிடுகிறார்கள், அல்லது எண்ணை அழித்துத் தாமே தட்டச்சு செய்கிறார்கள். சுவர் நகர்ந்தாலும் அந்த எண் மாறாது. இடத்தைச் சரிசெய்யப் போய் உண்மையைத் துண்டிக்கும் செயல் இது.

எழுத்தைப் பொருளுக்கு அருகில் வைக்க இடமில்லாதபோது, இரண்டையும் இணைக்கும் சுட்டுக்கோடான லீடர் உதவுகிறது. அதன் முனை எப்படி முடிகிறது என்பதற்கே பொருளுண்டு: பொருளின் எல்லைக்குள் முடிந்தால் புள்ளி, எல்லைக்கோட்டில் முடிந்தால் அம்பு, மற்றோர் அளவுக்கோட்டில் முடிந்தால் எதுவும் வேண்டியதில்லை. சாய்கோட்டு நிரப்பல் உள்ள இடத்தில் லீடர் அதே சாய்வில் போனால் காணாமல் போய்விடும். ஆட்டோகேட் 2008இல் எம்லீடர் வந்தபோது அம்பும் கோடும் எழுத்தும் ஒரே பொருளாயின. எம்லீடர்அலைன் அவற்றின் தலைகளை ஒரு கோட்டில் நிறுத்தும், பரப்பும், கோடுகளை இணையாக்கும். வரிசையில் எது மேலே, எது கீழே என்பதை வரைபவர்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும். வரிசை தவறினால் கோடுகள் பின்னிக்கொள்ளும்.

இந்தப் பின்னலைக் கணிதமாக ஆராய்ந்தவர்கள் உண்டு. படத்தின் ஓரத்தில் குறிப்புகளை அடுக்கி உள்ளே உள்ள புள்ளிகளோடு கோட்டால் இணைக்கும் சிக்கலை பெகோஸ், காவ்ஃப்மன், சிம்வோனிஸ், வோல்ஃப் ஆகியோர் 2004இல் முறையாக வகுத்தனர். அதில் ஓர் அழகான உண்மை இருக்கிறது. இரண்டு நேர்கோட்டு லீடர்கள் குறுக்கிட்டால், அவற்றின் குறிப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றிப்போட மொத்த நீளம் குறையும். எனவே மொத்த நீளம் மிகக் குறைந்த ஏற்பாட்டில் குறுக்கீடே இராது. வரைபவரும் கணக்குப் போடாமலே இதைச் செய்துகொள்ளலாம்: பின்னிய இரண்டை இடம் மாற்றுவது, பின்னல் தீரும்வரை அதையே தொடர்வது.

அளவுத்திட்டமும் சுழற்சியும்

கேடில் கட்டடம் முழு அளவில் வரையப்படுகிறது, தாளில்தான் சுருங்குகிறது. ஆகவே 1:100இல் 2.5 மிமீயாக அச்சாக வேண்டிய எழுத்தை 250 மிமீ உயரத்தில் எழுத வேண்டும். அதே இடத்தை 1:50இல் மற்றொரு தாளில் காட்டினால் அவ்வெழுத்து 5 மிமீ ஆகிவிடும். ஒவ்வோர் அளவுத்திட்டத்துக்கும் தனி லேயரில் தனி எழுத்து வைப்பது பழைய தீர்வு. ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பது அதன் இயல்பான விளைவு. 1990இல் ஆட்டோகேடின் 11ஆம் வெளியீட்டோடு வந்த தாள்வெளி, எழுத்தை மாதிரியில் வைக்காமல் தாளிலேயே உண்மை உயரத்தில் எழுத வழிசெய்தது. ஆனால் மாதிரியில் பொருள் நகர்ந்தால் தாளில் உள்ள எழுத்து நகராது. எழுத்துக்கும் பொருளுக்கும் உள்ள முதல் உறவு அறுந்துவிடும்.

ஆட்டோகேட் 2008இல் வந்த அனொடேட்டிவ் முறை இரண்டையும் சேர்க்க முயல்கிறது. எழுத்துக்குத் தாளுயரம் கொடுக்கப்படுகிறது. எந்தெந்த அளவுத்திட்டங்களில் தோன்ற வேண்டும் என்று பட்டியலும் இணைக்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் அது தன் உருவளவை மாற்றிக்கொள்வதோடு தனியான இடத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. 1:50இல் அறைக்குள் அடங்கும் பெயர் 1:200இல் அடங்காது, வெளியே போக வேண்டும். ஒரே பொருளாக இருந்தே அது முடிகிறது. நல்ல கருவிதான். இருந்தும் பல அலுவலகங்கள் இதைத் தொடுவதில்லை. காரணம் சோம்பல் மட்டுமல்ல. ஓர் அளவுத்திட்டத்தில் நகர்த்தியது மற்றொன்றில் நகரவில்லை என்பதும், எழுத்து ஏன் தோன்றவில்லை என்று தேட வேண்டியிருப்பதும் பழகாதவர்களை விரட்டிவிடுகின்றன.

சாலை, கால்வாய், மனைப்பிரிவுப் படங்களில் மற்றொரு சிக்கல் வருகிறது. நீண்ட சாலையைத் தாளின் நீளவாக்கில் பொருத்த, மாதிரியைத் தாளில் காட்டும் சாளரமான வியூபோர்ட்டையே சுழற்றுவார்கள். கோடுகள் சுழல்வதில் தொல்லை இல்லை. எழுத்தும் சேர்ந்து சுழன்று சாய்ந்தோ தலைகீழாகவோ நிற்கும். அனொடேட்டிவ் எழுத்தைத் தாளின் திசைக்கே நிற்கும்படி அமைக்கலாம். இத்தகைய பணிகளுக்கான சிவில் 3டி மென்பொருளில் இதற்கென்று படிப்புத்திசை வரம்பு இருக்கிறது. எழுத்தின் சாய்வு அந்த வரம்பைத் தாண்டினால் அது தானே புரண்டு நிமிர்ந்துவிடும். வழக்கமான அமைப்பு 110 பாகை. 90ஆக வைத்தால் ஏறத்தாழ நிமிர்ந்து ஓடும் எல்லைக்கோடு ஒன்றில் ஒரு பெயர் இப்பக்கமும் அடுத்த பெயர் அப்பக்கமும் நோக்கி நிற்கும். அதைத் தவிர்க்கவே அந்தச் சலுகை. எழுத்து கோட்டின்மேல் விழுவதைத் தவிர்க்க முடியாத இடங்களில் பின்புல மறைப்பு போடலாம். அது கோட்டை அழிப்பதில்லை, மறைக்க மட்டும் செய்கிறது. எழுத்தின் அளவுபோல ஒன்றரை மடங்கு என்ற அதன் இயல்பான எல்லை நெரிசலான படத்தில் கூடுதல். பக்கத்துக் கோட்டையும் விழுங்கிவிடும்.

கணினியே இடம் தேட முடியுமா?

நிலப்பட வரைவாளர்கள் இந்தக் கேள்வியை முன்பே எதிர்கொண்டவர்கள். சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப் 1962இல் வெளியிட்ட கட்டுரையில், நிலப்படத்தில் பெயரை எங்கே வைத்தால் தெளிவு, எங்கே வைத்தால் குழப்பம் என்று எடுத்துக்காட்டுகளோடு வகுத்தார். ஒரு புள்ளிக்குரிய பெயருக்கு அதன் வலப்புற மேல்பகுதியே சிறந்த இடம் என்பது அவ்வழி நிலைத்த விதிகளில் ஒன்று. 1972இல் பின்ஹாஸ் யோய்லி அத்தகைய விதிகளைக் கணினிக்கு ஏற்றவாறு அமைத்தார். அதற்குப்பின் தெரியவந்தது இதன் கடுமை. ஐம்பது புள்ளிகளுக்கு நான்கு நான்கு இடங்கள் சாத்தியம் என்றால் மொத்த ஏற்பாடுகள் 31 இலக்க எண். ஒன்றோடொன்று மோதாத ஏற்பாடு ஒன்றைக் கண்டுபிடிப்பது, விரைவான பொதுவழி எதுவும் அறியப்படாத என்பி-கடின வகைச் சிக்கல் என்பதை ஃபோர்மன், வாக்னர் ஆகியோரும், மார்க்ஸ், ஷீபர் ஆகியோரும் 1991இல் காட்டினர். 1995இல் கிறிஸ்டென்சன், மார்க்ஸ், ஷீபர் மூவரும் பல வழிமுறைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, உலோகத்தைச் சூடாக்கி மெல்ல ஆறவிடும் முறையைப் பின்பற்றும் சீரற்ற தேடல் முன்னணியில் நின்றது. மிகச் சிறந்த விடை என்ற உறுதியை அது தராது; போதுமான விடையைத் தரும்.

பொறியியல் வரைபடத்தில் நிலைமை ஒரு வகையில் இன்னும் கடினம். நிலப்படத்தில் ஊர்ப்பெயர் ஆற்றின்மேல் சற்று ஏறினாலும் பாதகமில்லை. இயந்திரப் படத்தில் எண் ஒரு கோட்டைத் தொட்டாலே 1 கூடியதாகவோ புள்ளி மறைந்ததாகவோ படிக்கப்படலாம். மற்றொரு வகையில் எளிது: பொருளுக்கு வெளியே வெற்றிடம் உண்டு, லீடர் போட்டு அங்கே போய்விடலாம். இதனால்தான் கேட் மென்பொருள்களின் தானியங்கு வசதிகள் இடத்தைக் கண்டுபிடிப்பதைவிட, கண்டுபிடித்த இடங்களை ஒழுங்குபடுத்துவதில் தேறியிருக்கின்றன.

தமிழில் எழுதும்போது

தமிழ்நாட்டில் பொறியியல் வரைபடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. ஊர்ப்பெயர், நில உரிமையாளர் பெயர், பெயர்ப்பலகை, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் படம் என்ற இடங்களில் தமிழ் வருகிறது. அங்கே மேலே சொன்ன கணக்குகள் சில பொருந்தாமல் போகின்றன. மென்பொருள் எழுத்துயரம் என்று கொள்வது ரோமன் பெரிய எழுத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. கி, கீ போன்றவை மேலே எழும். து, நு, ழ போன்றவை அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். மிடில் பிடியில் தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிட அதிகமாக ஏறி இறங்குகின்றன. ஆகவே தமிழ்ப் பட்டியல்களுக்கு அடிக்கோட்டுப் பிடியே நம்பத்தக்கது. வரி இடைவெளியையும் சற்றுக் கூட்ட வேண்டும். ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிகள் 2.5 மிமீ உயரத்தில் அடைந்துபோகும், 3.5 மிமீயைக் கீழெல்லையாகக் கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்தில் அடங்கும் அறைப்பெயர் தமிழில் இரட்டிப்பு அகலம் கேட்கும். எம்டெக்ஸ்ட் சொல்லை நடுவில் பிரிக்காது என்பதால் எங்கே மடக்குவது என்று வரைபவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

குறியேற்றமும் ஒரு தடை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ரோமன் எழுத்துகளின் இடங்களில் குடியிருக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எழுத்தை எல்லாம் பெரிய எழுத்தாக்கும் கட்டளையை, அலுவலக வழக்கப்படி, முழுக் கோப்பின்மீதும் ஓட்டினால் தமிழ் சிதைந்தே போகும். சிறிய எழுத்தின் இடத்தில் ஒரு வடிவமும் பெரிய எழுத்தின் இடத்தில் வேறொரு வடிவமும் இருந்ததுதான் காரணம். ஆட்டோகேட் 2007இன் கோப்பு வடிவம் யூனிக்கோடுக்கு மாறியபின், எழுத்துருவை மாற்றினாலும் எழுத்து மாறாது என்ற நிலை வந்தது. எனினும் கொம்பும் துணைக்காலும் சரியான இடத்தில் அமைவது, படத்தைத் திறக்கும் மென்பொருளுக்குத் தமிழின் எழுத்திணைப்பு தெரியுமா என்பதைப் பொறுத்தது. அனுப்பும் முன் பெறுபவரின் மென்பொருளில் ஒருமுறை திறந்து பார்ப்பதும், கூடவே பிடிஎஃப் ஒன்று அனுப்புவதும் இன்றைக்கும் தேவைப்படுகின்றன.

மாதிரியே ஆவணமாகும்போது

ரெவிட் போன்ற கட்டடத் தகவல் மாதிரி மென்பொருள்களில் எழுத்தின் நிலை மாறியிருக்கிறது. கதவின் எண் கதவிலேயே தரவாக இருக்கிறது. படத்தில் தெரியும் குறிச்சீட்டு அதை எடுத்துக் காட்டுகிறது. சீட்டை எங்கே வைத்தாலும், கதவை மாற்றினாலும் எண் தவறாது. எழுத்தின் உயரம் தாளில் உள்ளபடியே கொடுக்கப்படுகிறது. பார்வையின் அளவுத்திட்டம் மாறினால் மென்பொருளே கணக்கிட்டுக்கொள்கிறது. எழுத்துக்கும் பொருளுக்கும் உள்ள முதல் உறவு இவ்வாறு தரவுக்குள் போய்விட, எஞ்சியிருப்பது இடம் மட்டுமே. அதற்காகும் நேரம் குறைந்தபாடில்லை. அளவுத்திட்டத்தை மாற்றினால் சீட்டுகள் பெருத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன, யாரோ உட்கார்ந்து பிரித்துவைக்க வேண்டும்.

இயந்திரத் துறை இன்னும் ஒரு படி போய்விட்டது. 2003இல் வந்த ஏஎஸ்எம்இ ஒய்14.41, 2006இல் வந்த ஐஎஸ்ஓ 16792 ஆகிய தரங்கள் தாளே இல்லாமல் முப்பரிமாண மாதிரியின்மீதே அளவுகளையும் பொறுதிகளையும் எழுதும் முறையை வகுத்தன. எழுத்து அந்தரத்தில் மிதக்க முடியாதாகையால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்புத்தளத்தில் வைக்கப்படுகிறது.  மாதிரியைச் சுழற்றும்போது தளமும் சுழலும், பின்புறமிருந்து பார்த்தால் எழுத்து கண்ணாடிப் பிம்பமாகத் தெரியாதபடி மென்பொருள் திருப்பிக் காட்டும். ஸ்டெப் கோப்பின் ஏபி242 வடிவம் இத்தகைய குறிப்பை இரண்டு விதமாகச் சேமிக்கிறது. ஒன்று, எந்த முகத்துக்கு எவ்வளவு பொறுதி என்று இயந்திரமே படித்துக்கொள்ளும் பொருள்வடிவம். மற்றொன்று, மனிதர் பார்ப்பதற்கான தோற்றவடிவம். அளவெடுக்கும் கருவியை இயக்கும் நிரலுக்கு முதலாவது போதும். எழுத்து எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தேவையே இல்லை. இரண்டாவது, பட்டறையில் திரைமுன் நிற்பவருக்காக. அவருக்கு வேண்டிய உயரம், திசை, இடைவெளி ஆகியவற்றை அங்கும் கவனிக்க வேண்டியிருக்கிறது.